குளிர்ப்பொறியில் நீலம்

திரவ ஆக்சிஜன் வெளிர்நீல நிறமுடையது என்று பதினொரு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். இளங்கலை இரண்டாம் ஆண்டு, மூன்றாவது அலகு. தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வரும். ஒரு தடவைகூட அதை நான் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு முன்னால் அதைப் பார்த்தவர் சேவியரண்ணன், மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். பார்த்துவிட்டு அவர் எனக்குப் போன் செய்தபோது ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று பத்து. வத்தலக்குண்டில் என் தம்பி மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், இலையில் பிரியாணி விழக் காத்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், உங்க கண்ணாடிக் குழாய்க்குள்ள நீலமா தண்ணி நிக்குது. சொட்டு நீலம் கரைச்ச மாதிரி. ஊத்திக் கழுவி வச்சுரவா?"

எனக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம்கூட எனக்குப் பொறுக்கவில்லை.

மாட்டுக்காரருக்கு வேதியியல் ஆய்வகத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். திண்டுக்கல் மாதிரி ஊரில் திரவ நைட்ரஜன் வேண்டுமென்றால் மாடுகளின் வழியாகத்தான் வரும். காளைகளின் விந்தை மெல்லிய குச்சிகளில் அடைத்து, நைட்ரஜன் கேனில் முக்கி, மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியில் வைத்திருப்பார்கள். அந்தக் கேனை நிரப்ப இரண்டு வாரத்துக்கு ஒருமுறை லாரி வரும். எங்கள் கல்லூரியின் தேவைக்காக எந்த நிறுவனமும் தனியாக லாரி அனுப்பாது. சேவியரண்ணன் தன் பங்கோடு எங்களுக்கும் சேர்த்து வாங்கி, வண்டியின் பின்னால் கட்டி, சனிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து எங்கள் அண்டாவில் ஊற்றிவிட்டுப் போவார். அதற்காக ஆய்வகத்தின் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. எங்கள் பங்குக் கோயில் ஆள்தான், ஞாயிறு முதல் பூசைக்கு முன்வரிசையில் நிற்பார். பாடம் சொல்லிக்கொடுக்கிறவர்கள் எல்லாரும் அவருக்கு டீச்சர். உதவிப் பேராசிரியர் என்று ஒரு சாதி இருப்பதை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

அவர் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம். கேனில் நைட்ரஜன் ஐந்து விரற்கடைக்குக் கீழே இறங்கக் கூடாது. குச்சியை விட்டு எடுத்து, உறைபனி படிந்த அளவைப் பார்ப்பார். குறைந்திருந்தால் உடனே ஊற்ற வேண்டும். யார் கேன், எவர் கேன் என்று பார்க்கக் கூடாது. ஊரடங்கு நேரத்தில் லாரி வராமல் ஒரு கேன் வற்றி, அதிலிருந்த முந்நூறு குச்சியும் செத்துப்போயின. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். முந்நூறு கன்னுக்குட்டி, டீச்சர், என்பார். அன்றிலிருந்து வழியில் எவருடைய கேனைப் பார்த்தாலும் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

என் வேலை அதைவிடக் குளிரானது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு சொம்பு அளவுக்கு எஃகுக் கலம் உண்டு. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு செப்புத் தகட்டை மைனஸ் இருநூற்று அறுபத்து மூன்று வரை குளிர்விப்போம். விண்மீன்களுக்கு இடையில் பரந்து கிடக்கிற இருண்ட முகில்களின் குளிர் ஏறக்குறைய அதுதான். அங்கே மிதக்கும் தூசித் துகள்களின்மேல் பனி படிந்திருக்கிறது. அந்தப் பனியில் தண்ணீரும் அம்மோனியாவும் மெத்தனாலும் இருக்கின்றன. மெத்தனால் என்றால் கள்ளச்சாராயச் சாவுச் செய்திகளில் பேர் அடிபடுமே, அதே நஞ்சு. சூரியனே பிறக்காத இருட்டில் அதை யார் காய்ச்சினார்கள் என்பதுதான் என் கேள்வி. அந்த நகத்தகட்டில் அதே பனியைப் படியவைத்து, பதினொரு நாளாக அசையாமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் அகச்சிவப்பு வரைபடத்தில் ஒரு புது மேடு, துளித்துளியாக, எழும்பிக்கொண்டே வந்தது. பனிக்குள் புதிதாக ஒரு பொருள் உருவாகிறது என்று அதற்கு அர்த்தம்; அவ்வளவு குளிரில் அது எழும்பவே கூடாது என்பார்கள். என் வாழ்க்கையில் உருப்படியாக நடந்த ஒரே காரியம் அந்த மேடுதான் என்று அப்போது நினைத்தேன்.

சேவியரண்ணனுக்கும் எனக்கும் இதில் ஓயாத வழக்கு. "குளுருக்குள்ள ஒண்ணும் நடக்காது டீச்சர். உசுரு அப்பிடியே உறங்கும். முப்பது வருசம் கழிச்சு எடுத்துப் போட்டாலும் கன்னு விழும்" என்பார்.

நான் விடமாட்டேன். "இல்லண்ணே. பஸ் ஸ்டாண்டுல ஓடிப்போய் ஏறுறவங்க யார்கிட்டயும் பேச மாட்டாங்க. வராத பஸ்ஸுக்குக் காத்து நிக்கிறவங்கதான் பக்கத்து ஆளோட ஊரு, சாதி, சம்பளம் எல்லாம் விசாரிச்சுக் கடைசியில சம்பந்தமே பேசி முடிச்சிருவாங்க. மூலக்கூறும் அப்படித்தான். சூட்டுல மோதிட்டுப் பறந்துரும். குளிர்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நேரம் கழிக்கும். நடுவுல மலை மாதிரித் தடை இருந்தாலும், ஹைட்ரஜன் அணு ரொம்ப லேசு, ஏறாமலே அந்தப் பக்கம் போயிரும். சில வினை குளிரக் குளிர வேகமாகும்."

"மலையில ஏறாம எப்பிடி அந்தப் பக்கம் போகும்?"

"போகும்."

"பேயி மாதிரியா?"

"பேய் மாதிரிதான்னு வச்சுக்கங்களேன்."

அவர் சிலுவை போட்டுக்கொண்டு சிரிப்பார். குளிர் எதையும் நிறுத்துவதில்லை, தள்ளிப்போடுகிறது, இல்லையென்றால் வேறு வழி பார்க்கிறது என்று அவருக்கு வகுப்பெடுத்தவள் நான். எடுத்தவளுக்கே அது மண்டையில் ஏறவில்லை.

சனிக்கிழமை என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பனிக் கலத்துக்கு வாயுக்களைக் கலந்து அனுப்பும் கண்ணாடிக் குழாய் வரிசை ஒன்று தனியாக உண்டு. மீந்துபோன மெத்தனால் ஆவி பம்புக்குள் போய்விடாமல் தடுக்க, நடுவில் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை நைட்ரஜன் நிறைந்த பிளாஸ்க்கில் முக்கி வைப்போம். ஆவி அங்கே வந்து மாட்டி உறைந்துவிடும். அதற்குக் குளிர்ப்பொறி என்று பேர். வேலை முடிந்ததும் முதலில் பிளாஸ்க்கை இறக்க வேண்டும், பிறகுதான் பம்பை நிறுத்திக் காற்றை உள்ளே விட வேண்டும். மாற்றிச் செய்தால் நைட்ரஜன் குளிரில் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் திரவமாகிப் பொறிக்குள் சேரும். உறைந்த மெத்தனாலின் மேல் திரவ ஆக்சிஜன் என்றால் அது வெடிமருந்து. குளிர்ந்திருக்கும்வரை சாது. சூடு ஏறும்போதோ ஒரு தட்டல் பட்டாலோ என்ன செய்யும் என்று எவராலும் சொல்ல முடியாது. இதை என் கையெழுத்திலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், சிவப்பு மையில்.

அன்றைக்கு நாலு மணிக்கு இறக்கப் போனால், பிளாஸ்க்கைத் தாங்கும் ஜாக்கியின் திருகு துருப்பிடித்து மாட்டிக்கொண்டது. தம்பி நாலு முறை போன் பண்ணிவிட்டான், சேலை எடுக்கக் கடைக்குப் போக வேண்டும் என்று. பிளாஸ்க்கில் இரண்டு விரற்கடை நைட்ரஜன்தான் இருந்தது, பொறியின் அடி அதைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அரை மணியில் தானாக வற்றிவிடும் என்று பம்பை நிறுத்தினேன், காற்றை உள்ளே விடும் கண்ணாடித் திருகைத் திறந்தேன், கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன். பனிக் கலம் மட்டும் அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கால் மணி நேரத்தில் சேவியரண்ணன் வந்திருக்கிறார். லாரி வராததால் பாதி நைட்ரஜன்தான் கொண்டுவந்தார். பிளாஸ்க்கைப் பார்த்தார். இரண்டு விரற்கடை. மனசு கேட்கவில்லை. கழுத்துவரை ஊற்றினார். ஞாயிறு காலை முதல் பூசை முடித்து வரும் வழியில் எட்டிப் பார்த்தார், குறைந்திருந்தது, மறுபடியும் நிரப்பினார். பதினொரு மணிக்குப் பக்கத்து ஊருக்கு ஒரு மாட்டைப் பார்க்கக் கிளம்பியவர், போகிற வழியில் மூன்றாவது முறை வந்தார். பிளாஸ்க்கைச் சற்றுச் சாய்த்து அளவு பார்த்தபோதுதான் நீலம் தெரிந்தது. டீச்சர் மறந்துபோனார், நாம் காப்பாற்றிவிட்டோம் என்கிற சந்தோஷம் அவர் குரலில் இருந்தது.

"அதைத் தொடாதீங்கண்ணே" என்றேன். பந்தலை விட்டு வெளியே வந்து, டெம்போவுக்குப் பின்னால் நின்றேன். "சாய்க்காதீங்க. பிளாஸ்க் இருந்தபடி இருக்கட்டும். எவ்வளவு நீலம் இருக்கு?"

"அரை டம்ளர் இருக்கும். என்ன டீச்சர், குரல் ஒரு மாதிரியா இருக்கு?"

அப்போதே ஓடுங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடுங்கள், சாயங்காலம்வரை அந்தப் பக்கம் எவரும் போக வேண்டாம். புத்தகம் சொல்வதும் அதுதான். என் புத்தி எங்கே போனது தெரியுமா? குளிர்ப்பொறிக்கு மூன்றடி தள்ளிப் பனிக் கலம். பதினொரு நாள் மேடு. அரை டம்ளர் என்றால் தாங்கிவிடலாம், இன்னும் கூடினால் கலத்தோடு போய்விடும். இன்னும் கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்று உள்ளே போவதால்தானே கூடுகிறது?

"அண்ணே, பொறிக்கு மேல ஒரு கண்ணாடித் திருகு திறந்திருக்கும். அதை மெதுவா மூடிட்டு வெளிய போயிருங்க."

அவர் பொறியின் பக்கம் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு, "மூடுனா காத்து எங்கிட்டுப் போகும் டீச்சர்? கேனு மூடியவே நாங்க இறுக்க மாட்டோம்" என்றார்.

"சொன்னதைச் செய்யுங்கண்ணே. இது உங்க மாட்டுக் கேன் இல்ல."

அப்படித்தான் சொன்னேன். வார்த்தை மாறாமல். என்னைவிட எட்டு வயது மூத்தவரிடம்.

"சரி டீச்சர்" என்றார். "மூடிட்டேன். வாரேன் வெளிய."

தம்பியிடம் தலைவலி என்றேன். அவன் மனைவி முகத்தைத் தூக்கினாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் பாதையில் விரட்டினேன். உச்சி வெயில். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பும் கொத்துமல்லிக் காடும், தூரத்தில் எதற்கும் பதில் சொல்லாமல் சிறுமலை. தார் உருகி டயரில் ஒட்டும் வெயிலில் நான் மைனஸ் நூற்றெண்பத்து மூன்றைப் பற்றி நினைத்துக்கொண்டு போனேன். ஆக்சிஜன் கொதிக்கும் புள்ளி அது. நைட்ரஜன் வற்றியதும் பொறி சூடாகும், ஆக்சிஜன் கொதிக்கும், ஆவியாகும். அரை டம்ளர் திரவம் ஆவியானால் நூறு லிட்டருக்குக் குறையாது. நூறு லிட்டர் வாயு திருகு வழியாக...

செம்பட்டி முக்கில் வண்டியை அப்படியே ஓரம் கட்டினேன். பின்னால் வந்த மினிபஸ்காரன் திட்டிக்கொண்டு போனான்.

திருகை நான் மூடச் சொல்லியிருந்தேன்.

வெடித்தாலும் வெடிக்கும் என்று இருந்த ஒன்றை, வெடிக்காமல் போக வழியே இல்லாத ஒன்றாக்கி வைத்திருந்தேன். எட்டாவதோடு நின்றுபோன மனிதர் அதை ஒரே வாக்கியத்தில் கேட்டார். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். எனக்கென்றே சொல்லி வைத்ததுபோல் இருந்தது.

ஆனால் அவர் வெளியே இருக்கிறார், ஆய்வகம் போனால் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு போன் செய்தேன். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. பெட்டிக்கடை நிழலில் நின்று மாதாவைக் கூப்பிட்டேன். மூன்றாவது முறை எடுத்தார்.

"ஊத்திக்கிட்டு இருந்தேன் டீச்சர், கை விட முடியல."

"என்ன ஊத்துறீங்க? உள்ளயா இருக்கீங்க?"

"மூடச் சொன்னீங்கள்ல. மூடுனது சூடாச்சுன்னா வெடிக்கும்னு எனக்குத் தெரியாதா? நீங்க எதுக்கோ சொல்றீங்க, நீங்க வாரவரைக்கும் குளுந்தே இருக்கட்டும்னு ஊத்திக்கிட்டே இருக்கேன். உங்க அண்டாவுல இருந்தது தீந்துருச்சு. எங்கேன்ல இருந்துதான் ஊத்துறேன். இன்னம் நாலு விரக்கடை இருக்கு. எம்புட்டு நேரம் தாங்கணும்?"

தன் குச்சிகளுக்கு வைத்திருந்த குளிரை என் முட்டாள்தனத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த நொடியில் எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு இன்னொன்றும் வந்தது, அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. ஒரு நிம்மதி. அவர் ஊற்றியதால் பொறி இன்னும் நைட்ரஜன் குளிரில் இருக்கிறது. அந்தக் குளிரில் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவுதான். இப்போது திறந்துவிட்டால் திருகு தெறிக்காது.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான பெண் என்ன சொல்லியிருப்பாள்? அண்ணே, நீங்கள் கேட்டது சரி, நான் சொன்னது தப்பு. நேற்று பிளாஸ்க்கை இறக்காமல் போனதும் என் தப்பு. அந்த நீலத்துக்கு அடியில் மெத்தனால் இருக்கிறது, திருகைத் திறந்தாலும் ஆபத்து தீராது, அது எந்த நிமிஷத்திலும் போகும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா?

"அண்ணே, இப்ப திருகைத் திறக்கலாம்" என்றேன். ஏதோ முதலிலிருந்தே அப்படித் திட்டம் போட்டு வைத்திருந்தவள் மாதிரி. "மெதுவாத் திறங்க."

கண்ணாடி உரசும் சத்தம் கேட்டது. "புஸ்ஸுனு உள்ளாற இழுத்துச்சு டீச்சர். திறந்தாச்சு." அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "அப்பாடா. இனிப் பயமில்லையே?"

நான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

"வெளிய இருங்கண்ணே. நான் வாரேன்" என்று வைத்துவிட்டேன்.

பயம் இருக்கிறது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் அது சனிக்கிழமை நாலு மணியில் போய் நிற்கும். நேரில் சொல்லிக்கொள்ளலாம், வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரிப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்தேன். இன்னும் பதினைந்து கிலோமீட்டர். போன் இருக்கைக்கு அடியில் கைப்பையில் இருந்தது.

கல்லூரி வாசலில் நான் தலைக்கவசத்தைக் கழற்றியபோது மணி பன்னிரண்டு முப்பத்தைந்து இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, ஆள் அரவம் இல்லை. வேதியியல் துறைக்கு எதிரில் புங்கமரத்தடியில் அவர் வண்டி நின்றது. அவரைக் காணவில்லை. போனை எடுத்துப் பார்த்தேன். எடுக்காத அழைப்புகள் இரண்டு, இரண்டும் அவருடையவை. பன்னிரண்டு இருபத்தொன்று, பன்னிரண்டு இருபத்து நாலு.

அண்ணே என்று கத்திக்கொண்டு படியேறினேன்.

பெரிய சத்தம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து வீட்டில் குக்கர் மூடி தெறித்தால் கேட்குமே, அதைவிடக் கொஞ்சம் வறண்ட சத்தம். பிறகு கண்ணாடி விழும் ஓசை, மழை மாதிரி, நெடுநேரம் விழுந்துகொண்டே இருந்தது. கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் ஒரே வீச்சில் கிளம்பிப் போயின.

அவர் கதவுக்கும் மேசைக்கும் நடுவில் உட்கார்ந்த நிலையில் இருந்தார். கேனை மடியில் அணைத்திருந்தார். அது சாய்ந்து, மிச்சமிருந்த நைட்ரஜன் வெள்ளைப் புகையாகத் தரையில் பரவிக்கொண்டிருந்தது. முகத்தில் ரத்தம். கண்கள் இருந்த இடத்தில் எதுவென்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "டீச்சரா?" என்றார். "விளக்கு அணைஞ்சுருச்சா டீச்சர்?"

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பனிக் கலமும் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ச்சுவரின் திரையில் மைனஸ் இருநூற்று அறுபத்து மூன்று என்ற எண் ஆடாமல் அசையாமல் நின்றது. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவரைத் தொடுவதற்கு முன்னால் நான் அதைத்தான் பார்த்தேன். ஒரு நொடிதான். ஆனால் முதலில் அதைத்தான்.

மதுரைக்குக் கொண்டுபோனோம். வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். இடது கண்ணில் கட்டு அவிழ்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார்கள். அவர் மனைவி பேச்சாயி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அந்நேரம் வரலைன்னா இந்த மனுசன் கெதி என்னம்மா?" என்று அழுதாள். அந்தக் கையை உருவிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. கொடுத்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை.

மூன்றாம் நாள் எங்கள் முதல்வரும் ஒரு காவல் ஆய்வாளரும் வந்தார்கள். ஆய்வாளர் சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் கேட்டார். முதல்வர் என் பக்கம் திரும்பாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லூரியில் ஏற்கெனவே பேச்சு ஓடியிருந்தது. வெளியாள் ஒருவன் அனுமதி இல்லாமல் உள்ளே புகுந்து, தெரியாத பொருளில் கை வைத்துவிட்டான் என்று.

"நீங்க எதுக்கு உள்ள போனீங்க?" என்றார் ஆய்வாளர்.

சேவியரண்ணன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் பாதி வெள்ளைத் துணி. "டீச்சர் ரெண்டு தடவ சொன்னாங்க சார், வெளிய இருங்கன்னு. நாந்தான் கேக்கல. பருவத்துக்கு வந்த மாடு கத்துது, சீக்கிரம் வாங்கன்னு போன் வந்துச்சு. கேனு உள்ள இருக்கு. எடுக்கட்டுமான்னு கேக்க டீச்சருக்கு ரெண்டுவாட்டி அடிச்சேன், வண்டியில வந்துக்கிட்டு இருந்தாங்க, பாவம். முதல்ல மூடுன திருகைத் திறந்தாச்சே, இனி என்ன பயம்னு நெனச்சுட்டுப் போனேன்."

"பிளாஸ்க்குல நைட்ரஜன் ஊத்துனது?"

"அதும் நாந்தான் சார். யாரும் சொல்லல. கொறஞ்சு கெடந்தா எனக்கு மனசு கேக்காது. அதுதான் வினையாப் போச்சு."

"அந்தத் திருகை மூடச் சொன்னது யாரு? முதல்ல மூடுனீங்கன்னு சொன்னீங்களே."

முதல்வர் ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். நான்தான், என்ற ஒரே சொல்.

"டீச்சர் வெளிய போகத்தான் சொன்னாங்க" என்றார் சேவியரண்ணன், நிதானமாக. "மூடுனது எம் புத்தி. அப்பிடித்தான டீச்சர்?"

எனக்காகத்தான் கேட்டார். உண்மையைத் தன் கையால் நகர்த்தி வைத்துவிட்டு, என் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தார்.

நான் தலையாட்டினேன். கட்டுப் போட்ட கண்ணுக்கு அது தெரியாது. ஆய்வாளர் பார்த்தார், குறித்துக்கொண்டார், பேனாவை மூடினார். முதல்வரும் அவரும் பேசிக்கொண்டே வெளியே போனார்கள்.

"டீச்சர், இருக்கீங்களா?" என்றார் சேவியரண்ணன், காற்றில் கையை நீட்டி.

"இருக்கேண்ணே" என்றேன்.